ஜாலி கழன்ற சைலன்சர்

பொம்மனஹள்ளி சேஷகிரி கோவிந்தப்பா வீட்டில் காபி குடித்துவிட்டு வைத்த டம்ளரைப் போன வாரக் கதையில் கழுவாமலே விட்டிருந்தோம். கோவிந்தப்பாவின் மனைவி சந்திரம்மா அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். டம்ளரோடு சேஷகிரி வைத்துவிட்டுப் போன வேலை மட்டும் இன்னும் வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது.

வேலை இதுதான். சேஷகிரியின் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப் வாசலில் கோவிந்தப்பா உட்கார வேண்டும். வருகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டு, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். கையில் அழுக்குப் படாது. காது மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போய் மூன்று வண்டிகளைக் கேட்டுச் சரியாகச் சொல்லிவிட்டால், திங்களிலிருந்து வேலை அவருக்கு.

கோவிந்தப்பாவின் காதைப் பற்றிப் பெங்களூர் ஜோகுபாளையத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். முப்பது வருஷம் தொழிற்சாலையில் தகடு அடிக்கிற மெஷின்களுக்கு நடுவே நின்று, போன வருஷம்தான் விருப்ப ஓய்வு வாங்கி வந்தவர். எண்பத்து நாலில் ஒருநாள் அதிகாலை, பாயில் படுத்தபடியே, பழைய மெட்ராஸ் ரோட்டில் போன ஒரு பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டு, "இது டின் ஃபாக்டரி ஸ்டாப்பைத் தாண்டாது, ஃபேன் பெல்ட் அறுந்துடும்" என்றார். தாண்டவில்லை. மறுநாள் அந்தக் கண்டக்டரே வீடு தேடி வந்து, அன்றைக்கு எந்த பஸ்ஸில் டியூட்டி கேட்டால் நல்லது என்று விசாரித்துக்கொண்டு போனார். கண்டக்டரின் பெயர்தான் எனக்கு மறந்துவிட்டது. மற்றதெல்லாம் உண்மை.

அப்பேர்ப்பட்ட காதுக்குத் தகுந்த வேலை. வீட்டில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். ஆனால் சந்திரம்மா நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மகன் நரேஷ் எழுந்து வாசலுக்கு வந்தபோது, அவனுடைய வண்டி பாதிதான் இருந்தது.

இருபத்து நாலு வயதுப் பையன். கூரியர் கம்பெனியில் வேலை. கறுப்பு ஆர்எக்ஸ் நூறுதான் அவனுக்குக் கையும் காலும். அதன் சைலன்சர் இப்போது தரையில் கோணியின்மேல் கிடந்தது. பக்கத்தில் கோவிந்தப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நைனா! இன்னா பண்ற நீ?"

கோவிந்தப்பா திரும்பவில்லை. பையனின் நிழல் சைலன்சர்மேல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"வா, வா. வண்டி செத்துக் கெடக்குது, தொரை தூங்கறாரு. ஒரு மாசமா பாக்கறேன், சத்தமே இல்ல. உள்ள கரி அடைச்சிருக்குது. நாலு மெக்கானிக் நிக்கிற எடத்துல பூனை மாதிரி போய் எறங்கறதா நானு?"

"சத்தம் நல்லாத்தானே கீது நைனா?"

"ஆங். அதான் நானும் சொல்றேன்" என்றார் கோவிந்தப்பா.

 நரேஷ் பல் தேய்க்கப் போய்விட்டான்.

சைலன்சரின் வால் பக்கத்தில் ஒரே ஒரு போல்ட்டு. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் அதைக் கழற்றி, பிளையரால் பிடித்துத் திருகி இழுத்தால், உள்ளேயிருந்து ஓட்டை ஓட்டையாக ஒரு குழல் வரும். வண்டியின் சத்தத்தை வடிகட்டி அனுப்புவது அதுதான். பெங்களூர் மெக்கானிக்குகள் அதை ஜாலி என்பார்கள். உருதுவில் வலை என்று அர்த்தம். தமிழில் ஜாலிக்கு வேறு அர்த்தம் இருப்பது ஊருக்கே தெரியும். அன்று காலை இரண்டுமே நடந்தது. வண்டிக்குள் இருந்த ஜாலி வெளியே வந்தது. தெருவில் இருந்த ஜாலி ஊரைவிட்டே போனது.

முதலில் ஜாலியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தீ வைத்தார். கரி எரிந்து உதிர்ந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டி, கிக்கரை உதைத்தார். வண்டி கணீரென்று கிளம்பியது. நரேஷ் வாயில் பிரஷ்ஷோடு கட்டை விரலை உயர்த்தினான்.

கோவிந்தப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் சுருங்கியது.

"இன்னும் அடைச்சுத்தான் இருக்குது."

மறுபடி கழற்றினார். கை டிரில்லை எடுத்து ஜாலியில் நாலு ஓட்டை போட்டார். மாட்டினார். போதவில்லை. இன்னும் எட்டு. போதவில்லை. ஒன்பது மணிக்கு அது இடியாப்ப அச்சு மாதிரி ஆகிவிட்டது. அதையும் மாட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாகக் கழற்றி மதில்மேல் வைத்தார். ஜாலியே இல்லாத சைலன்சரை வண்டியில் பூட்டி, கிக்கரை உதைத்து, ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார்.

அந்தச் சத்தத்தைப் பற்றி நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. கார்ப்பரேஷன் குழாயில் வாரம் இரண்டு நாள் மட்டும் வருகிற தண்ணீர், அன்று முறை இல்லாதபோதும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மூன்று வீடு தள்ளி ஒரு கட்டில்காலில் இரண்டு வருஷமாக இறுகிப்போயிருந்த ஆணி தானாகக் கழன்றது. அல்சூர் ஏரியில் ஒரு வாத்து அன்றோடு தண்ணீரை விட்டது. இன்றுவரை அது கரையிலேயே நடந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள்.

ஆனால் நரேஷ் இதெதையும் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தான்.

கூட்டத்தில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோலக் கோவிந்தப்பா நின்றிருந்தார். கண் மூடியிருந்தது. வாய் கொஞ்சமாகத் திறந்திருந்தது. மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"இப்ப பேசுது பாரு" என்றார்.

எதிர்வீட்டுச் சுந்தரமூர்த்தி பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார்.

"யப்பா கோவிந்தப்பா! சாக்குப்பா, சாக்கு! போதும்! என் பேத்தி இப்பத்தான் தூங்கிச்சு, வண்டிய நிறுத்து!"

கோவிந்தப்பா அவரைப் பார்த்துக் கை கூப்பினார். "எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார். இன்னும் கொஞ்சம் முறுக்கட்டுமா?"

அந்தச் சமயத்தில் சந்திரம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"யோவ்! அவரு பேத்தி இப்பத்தான் தூங்கிச்சாம், வண்டிய நிறுத்தச் சொல்றாரு, நீ இன்னா மரமாட்டம் இளிச்சிக்கினு நிக்கிற? நிறுத்துய்யா!"

வண்டி உடனே நின்றது.

"அதுக்கு ஏம்மே கத்தற? கேட்டுச்சு" என்றார் கோவிந்தப்பா. சுந்தரமூர்த்தி அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மீதி முகத்தைச் சவரம் செய்யப் போனார்.

சந்திரம்மாவின் வாயைப் பற்றித் தெருவில் இரண்டு வருஷமாகப் பேச்சு உண்டு. முன்பெல்லாம் அப்படி இல்லை, புருஷன் வீட்டோடு வந்ததும் பொம்பளைக்குத் துளிர்விட்டுப்போச்சு என்பார்கள். அவர் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இருந்தபோதே ஆரம்பித்துவிட்டது என்று திருத்துபவர்களும் உண்டு. கோவிந்தப்பாவின் பொறுமையைத்தான் எல்லாரும் மெச்சினார்கள்.

நரேஷ் வாசற்படியில் உட்கார்ந்தான். அம்மா திட்டியது அவனுக்குப் புதிதல்ல. ஆனால் இன்று முதல் தடவையாக அந்தத் திட்டைப் பிரித்துப் பார்த்தான். மரமாட்டம், இளிச்சிக்கினு, இது இரண்டும்தான் அம்மாவுடையது. மீதி அத்தனையும் சுந்தரமூர்த்தி சொன்ன வார்த்தை.

கரண்ட் பில் ஆள் வந்தபோது என்ன சொன்னாள்? "மீட்டர் எங்கன்னு கேக்கறாரு, வாயில கொழுக்கட்டையா?" சித்தப்பா பெண் கல்யாணத்தில்? "மாப்பிள்ளைக்கு ஓசூர்ல வேலையாம், உனக்கு எதுலதான் அக்கறை?" ஒவ்வொரு திட்டுக்குள்ளும் இன்னொருவர் பேசிய பேச்சு, மடித்து வைத்த காகிதம் மாதிரி இருந்தது.

அவன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். சாதாரணக் குரலில் சொன்னான்.

"நைனா, உன் லுங்கில தீப்புடிச்சிருக்குது."

கோவிந்தப்பா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, நான் வேலைய விட்டுட்டேன்."

துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"நைனா" என்றான் மறுபடி. அதற்குமேல் சொல்ல அவனுக்குப் பொய் எதுவும் வரவில்லை.

அடுப்படியில் சந்திரம்மா சப்பாத்தி மாவை அடித்துப் பிசைந்துகொண்டிருந்தாள். பையன் வந்து நின்ற விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தினி நாளா அம்மா?"

"தீபாவளி. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. வாசல்ல ஆயிரம் வாலா வெடிக்குது, நீ கூட காத மூடிக்கினு உள்ள ஓடியாந்த. இந்த மனுஷன் எங்கிட்ட வந்து, 'இந்த வருஷம் பட்டாசு நமுத்துப்போச்சு சந்திரா'ன்னாரு. சிரிச்சிட்டேன். அப்பறம் உள்ள வந்து உக்காந்துட்டேன்."

"டாக்டர்கிட்ட கூட்டினு போலாம் இல்ல?"

"இன்னான்னு சொல்லிக் கூட்டினு போவ? இந்த ஆளுக்கு ஊர்ல மரியாதையே காதுக்குத்தான்டா. வேற இன்னா கீது அவர்கிட்ட?"

"அதுக்கு நீ வாயாடின்னு பேர் வாங்கணுமா?"

மாவைத் திருப்பிப் போட்டாள்.

"மெதுவா சொன்னா அவருக்கு விழாது. நின்னு நிதானமா சத்தமா சொன்னா, ஏன் அப்படிச் சொல்றான்னு ஊரு பாக்கும். திட்டினா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. பொண்டாட்டி புருஷன திட்டறது ஒரு நியூஸா?"

நரேஷுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சந்திரம்மா இந்திராநகரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறாள். போன மாதம் அங்கே ஒரு பார்சல் கொடுக்கப் போனபோது, கையெழுத்துப் போட்ட பெண் சொன்னாள்: "சந்திரம்மா ஆன்ட்டி பையனா நீங்க? அவங்க பேசறது எங்களுக்குக் கேக்கவே கேக்காது. பக்கத்துல போய் குனிஞ்சு கேட்டுக்குவோம்." வேறு சந்திரம்மா யாரோ இருக்கிறாள்போல என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"ஹாஸ்டல்ல நீ சத்தமே போடமாட்டியாமே?"

"அங்க எதுக்கு?" என்றாள். முகத்தில் மாவுக் கை படாமல், தோளால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "காலைல எட்டு மணிக்கு அந்த கேட்டுக்குள்ள நொழைஞ்சா, சாயங்காலம் வரைக்கும் என் தொண்டை என்னுது."

"நீ எதுக்குத் திட்றன்னு நைனாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஒடஞ்சிடுவாரு. வாயத் தொறந்துடாத."

"சேஷகிரி சார் கிட்ட இன்னா பண்ணப்போறீங்க?"

"நானும் வரேன். அந்தப் பக்கம் எங்கக்காவப் பாத்து நாளாச்சு."

"பெரியம்மா அவ்ளோ தூரம் தள்ளி ஆனேக்கல்ல இல்ல இருக்காங்க?"

"போற வழிதானே."

மதில்மேல் இருந்த ஜாலியை எடுக்க நரேஷ் கிளம்பினான். மாட்டிவிட வேண்டும்; போலீஸ் பிடித்தால் வண்டி உள்ளே போய்விடும். சந்திரம்மா அவன் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும்டா, இன்னைக்கு ஒரு நாள். அவரு சிரிச்சதப் பாத்தியா? தன் காது அடைச்சிக்கினது தெரியாம வண்டி அடைச்சிக்கிச்சுன்னு ஒரு மாசமா குடைஞ்சினு இருந்தாரு. இப்பத்தான் கேட்டிருக்குது."

பத்து மணிக்குக் கோவிந்தப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வண்டியைக் கிளப்பினார். சந்திரம்மா பின்னால் உட்கார்ந்தாள். நரேஷுக்குச் சுந்தரமூர்த்தி தன் டிவிஎஸ் ஐம்பதைத் தானாகவே முன்வந்து கொடுத்தார். "எவ்ளோ தூரம் வேணாலும் போங்க. அவசரமே இல்ல, மெதுவா வாங்க" என்றார்.

தொம்லூர் தாண்டி, கோரமங்களா தாண்டி, பின்னாலேயே வந்த நரேஷ் இன்னொன்றையும் பார்த்தான். அம்மாவின் கை அப்பாவின் முதுகிலேயே இருந்தது. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் வலது பக்கம் ஒரு தட்டு. ஆட்டோ அலறினால் இடது பக்கம் ஒரு தட்டு. தட்டிய பக்கத்தில் வண்டி வழி விட்டது. பார்க்கிறவர்களுக்கு, பாவம், பின் சீட்டில் உட்காரப் பயப்படுகிற பொம்பளை என்றுதான் தோன்றும்.

"நீங்க மடிவாளா தாண்டறப்பவே சத்தம் கேட்டுச்சு, டீக்குச் சொல்லிட்டேன்" என்று வரவேற்றார் சேஷகிரி. குள்ளமான, எதையும் இரண்டு தடவை பார்க்கிற மனிதர். கன்னடக்காரர்; தமிழ் அவருக்குக் கடையில் கற்றது. "இது என்ன வண்டி, ஜாலி இல்லையா?"

"யோவ், ஜாலி எங்கன்னு கேக்கறாரு, ஊர்வலத்துக்கு வந்தவனாட்டம் வேடிக்கை பாக்கற!"

"சும்மா, இன்னிக்கு ஒரு நாள் எடுத்துட்டேன் சார்" என்றார் கோவிந்தப்பா.

சேஷகிரி சந்திரம்மாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு முதல் வண்டியை உதைத்தார். கோவிந்தப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஒரு நிமிஷம் ஓடியது.

"தூங்கிட்டியாய்யா?" என்றாள் சந்திரம்மா. "வாணலில உளுந்து வறுக்கிற மாதிரி சலசலசலன்னு மேலாக்க சத்தம் வருது, இதுகூடவா காதுல ஏறல?"

"டைமிங் செயின். லூசாயிருக்குது" என்றார் கோவிந்தப்பா உடனே.

சேஷகிரி தலையாட்டினார். இரண்டாவது வண்டி.

"நல்லா நிக்கிற! அடியில, ஈரமில்லாத ஆட்டுக்கல்லு மாதிரி கரகரன்னு அரைக்குது. முறுக்கினா ஜாஸ்தியாவுது. உனக்கு எல்லாத்தையும் ஒருத்தி சொல்லணும்."

"கிராங்க் பேரிங். இறக்கித்தான் ஆகணும்."

ஒர்க்‌ஷாப்பில் வேலையாக இருந்த இரண்டு மெக்கானிக்குகள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். சமையல் பாத்திரத்தை வைத்துக்கொண்டு இன்ஜினைப் பிரிக்கிற வித்தையை அவர்கள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

சேஷகிரி மூன்றாவது வண்டியிடம் போனார். கிக்கரில் காலை வைத்தார். எடுத்தார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இதுக்கு மட்டும் நீங்க பேசாம இருங்க."

வண்டி ஓடியது. எங்கிருந்தோ சன்னமாக, பால் பொங்கி அடுப்பில் வழிகிற மாதிரி ஸ்ஸென்று காற்று கசிந்தது. நரேஷுக்கே கேட்டது. சந்திரம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கோவிந்தப்பா அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். நரேஷைப் பார்த்தார். நரேஷ் நாக்கை மேல்பல்லில் வைத்தான். ஸ்ஸென்று ஒரு சத்தம் போதும். உதட்டைப் பார்த்தே அப்பாவுக்குத் தெரிந்துவிடும். வாய் வரைக்கும் வந்தது.

அதற்குள் கோவிந்தப்பா குனிந்து சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டார்.

"எனக்குக் கேக்கல சார்" என்றார்.

சீட்டின்மேல் கையை வைத்துக் காட்டினார். 

"ஓடுதுன்னே சீட்டு நடுங்கறத வெச்சுத்தான் தெரிஞ்சுது. ரெண்டு வருஷமா இப்படித்தான். அடைச்சது வண்டி இல்ல, என் காதுதான்னும் தெரியும். இவ கேட்டுச் சொல்றா, நான் ஓட்டினு இருக்கறேன்."

சந்திரம்மா முந்தானையை எடுத்தாள். "உனக்குத் தெரியுமாய்யா?"

அவள் உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"நீ பொறந்ததுலேர்ந்து யாரையும் திட்டினவ இல்ல. திடீர்னு என்னைத் திட்டறன்னா, அதுவும் ஊர்ல இருக்கறவன் பேச்சையெல்லாம் சேத்துத் திட்டறன்னா, காது போனா புத்தியுமா போயிடும்? தெரியும்னு சொன்னா நிறுத்திடுவியோன்னு சொல்லல."

ஒரு மெக்கானிக் மூக்கை உறிஞ்சினான். பெட்ரோல் வாடை என்றான்.

சேஷகிரி நெடுநேரம் யோசிக்கிறவர் அல்ல. கோவிந்தப்பாவின் முன்னால் வந்து, முகத்துக்கு நேரே நின்று, கையையும் சேர்த்து ஆட்டிப் பேசினார்.

"நோடி, பாருங்க கோவிந்தப்பா. மொதல் ரெண்டும் சரி. நேத்தே நான் தொறந்து பாத்து மூடி வெச்ச வண்டி. கேட்டது யாரு, சொன்னது யாருன்னு எனக்கு எதுக்கு? கோளாறு தெரிஞ்சா சாக்கு, அது போதும். நாளைலேர்ந்து ரெண்டு பேரும் வாங்க. அம்மா கேக்கட்டும், நீங்க சொல்லுங்க. திட்ட வேண்டாம், நேராவே பேசிக்கலாம்."

கோவிந்தப்பாவுக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சேஷகிரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நரேஷும் சிரித்தான். இனிமேல் ஒளிக்க ஒன்றுமில்லை. வேலையும் கிடைத்துவிட்டது.

"ஏழரைக்குக் கெளம்பினா சரியா இருக்கும்" என்று கோவிந்தப்பா ஆரம்பித்துவிட்டார். குரல் உற்சாகத்தில் ஏறியது. "டிபன் கட்டிக்கலாம். ஹாஸ்டலுக்கு நரேஷ் போய் சொல்லிட்டு வந்துடுவான், அவங்களுக்கு வேற ஆளா கெடைக்காது? நீ இப்படி இந்தப் பக்கமா உக்காந்துக்கினா, வண்டி நேரா உங்கிட்டதான் வந்து நிக்கும்..."

சேஷகிரி டீக்காரனைக் கூப்பிடப் போயிருந்தார். வண்டிகள் மூன்றும் அணைந்து கிடந்தன. ஓசூர் ரோட்டில்கூட ஒரு கணம் எதுவும் போகவில்லை.

"என்னை யாரும் கேக்கலியே" என்றாள் சந்திரம்மா.

சத்தம் போடவில்லை. திட்டவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் விழும், அப்படி ஒரு குரல்.

கோவிந்தப்பா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒர்க்‌ஷாப் வாசலில் எந்த இடத்தில் அவளுக்கு மத்தியான வெயில் படாது என்று நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சொன்னது நரேஷ் ஒருவனுக்குத்தான் கேட்டது.